பழைய டாக்கும் புதிய கணினியும்: சத்தம் எங்கே தடைபடுகிறது?

1980களின் கடைசியிலோ 1990களிலோ வந்த ஒரு டாக்கை, அதாவது டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் பெட்டியை, இன்றைய கணினியோடு இணைப்பவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சத்தமே வரவில்லை. அல்லது ஒவ்வொரு பாட்டிலும் முதல் அரை நொடி விழுங்கப்படுகிறது. அல்லது இசை வரவேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். இன்னும் சிலருக்கு எல்லாம் ஒழுங்காகவே ஓடும். குறிப்பிட்ட சில ஆல்பங்கள் மட்டும் காதைக் குத்தும். உடனே கருவி பழுது என்று முடிவுகட்டி அதை ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

உண்மையில் பல நேரங்களில் இரண்டு பக்கமும் பழுது இருக்காது. அந்தக் கால டாக், தன் முன்னால் ஒரு சிடி பிளேயர்தான் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. வரும் தரவின் வேகம் மாறாது, அளவு மாறாது, நேரம் பிசகாது, தரவின் மேல் சரியான குறிப்பு ஒட்டப்பட்டிருக்கும் என்று அது எடுத்துக்கொள்ளும். சிடி பிளேயர் இவற்றைக் கேட்காமலேயே செய்துவந்தது. கணினியோ நாம் சொல்லாதவரை இவற்றில் ஒன்றையும் செய்யாது. இணைப்பில் வரும் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

## டாக் என்ற பெட்டிக்குள் இருப்பவை

டிஜிட்டல் இசை என்பது எண்களின் வரிசை. ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து எழுதிவைத்த எண்கள். ஒவ்வோர் அளவீடும் ஒரு சாம்பிள். நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பது சாம்பிள் ரேட். ஒரு சாம்பிளை எழுத எத்தனை பிட் என்பது பிட் ஆழம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 1982இல் சந்தைக்கு வந்த சிடியில் இவை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று நிலையாக இருந்தன.

இந்த எண்களை மறுபடி மின்னலையாக மாற்றுவது டாக்கின் வேலை. தனிப் பெட்டியாக வந்த டாக்குகளில் நான்கு பகுதிகள் உண்டு:

1. ஏற்பி. கேபிளில் வரும் சிக்னலிலிருந்து எண்களையும் அவற்றுக்கான நேரத் துடிப்பையும் பிரித்தெடுக்கும் சிப். யமஹாவின் ஒய்எம்3623, கிரிஸ்டலின் சிஎஸ்8412 ஆகியவை அக்காலத்தில் பரவலாக இருந்தவை.
2. டிஜிட்டல் ஃபில்டர். சாம்பிள்களுக்கு நடுவே புதிய சாம்பிள்களைக் கணக்கிட்டுச் சேர்த்து, ரேட்டை 4 அல்லது 8 மடங்காக உயர்த்தும். இதுவே ஓவர்சாம்பிளிங். பிலிப்ஸின் எஸ்ஏஏ7220 இதில் பேர்போனது.
3. மாற்றி சிப். பிலிப்ஸின் டிடிஏ1541ஏ, பர்-பிரவுனின் பிசிஎம்63 போன்றவை. டாக்குக்கு ரசிகர் கூட்டம் சேர்வது பெரும்பாலும் இந்தச் சிப்பின் பெயரால்தான்.
4. அனலாக் வெளியீடு. மாற்றியிலிருந்து வரும் நுண்மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவரும் பகுதி. சுமார் 2 வோல்ட் என்பது வழக்கம்.

ரசிகர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். கணினியோடு சேருமா சேராதா என்பதை முடிவு செய்வதோ முதல் இரண்டு. பழைய டாக் வாங்க நினைப்பவர் மாற்றி சிப்பின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஏற்பியைக் கேட்காமல் விடுவது, பாதி விவரத்தோடு வாங்குவதற்குச் சமம்.

## ஒருவழிப் பாதை

பழைய டாக்குகளின் வாசல் எஸ்பிடிஃப். சோனி, பிலிப்ஸ் இருவரின் பெயரையும் சேர்த்துச் சூட்டிய இணைப்பு முறை. கோஆக்சியல் கேபிளில் மின்சிக்னலாகவோ, தோஷிபா 1983இல் கொண்டுவந்த ஆப்டிகல் கேபிளில் ஒளியாகவோ இது போகும். ஸ்டூடியோக் கருவிகளில் இதன் நெருங்கிய உறவான ஏஇஎஸ்3 இருக்கும்.

ஒரு சாம்பிள் நேரத்தில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து 64 பிட் அனுப்பப்படுகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் கணக்கிட்டால் நொடிக்கு 2.8224 மெகாபிட். இதற்குள் இசை மட்டும் இல்லை. ‘இங்கே புதிய சாம்பிள் தொடங்குகிறது’ என்ற அடையாளம், இது என்ன வகைத் தரவு என்று சொல்லும் கொடிகள், எல்லாம் உள்ளே இருக்கும். நேரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. பிட்டுகள் மாறும் வேகத்தைப் பார்த்தே ஏற்பி நேரத்தை ஊகித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யும் சுற்றுக்கு பிஎல்எல் என்று பெயர்.

இதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு: எஸ்பிடிஃப் ஒருவழிப் பாதை. டாக் கணினியிடம் திரும்பி எதுவும் சொல்ல முடியாது. யூஎஸ்பியில் செருகியவுடன் கருவி தன்னால் எந்தெந்த ரேட் முடியும் என்று பட்டியல் கொடுக்கும். ஹெச்டிஎம்ஐயிலும் அப்படியே. எஸ்பிடிஃபில் கணினிக்குத் தெரிவது தன் சொந்த அனுப்பும் சிப்பின் திறன் மட்டும். அந்தச் சிப்புக்கு 192 கிலோஹெர்ட்ஸ் முடியுமென்றால் அமைப்புப் பட்டியலில் 192 என்று காட்டும். கேபிளின் மறுமுனையில் 48க்கு மேல் தாங்காத டாக் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. சத்தம் வராத புகார்களில் பெரும்பங்கு இதனால் வருவது.

## முதல் சிக்கல்: ரேட்

ஏற்பி சிப்பின் தலைமுறையைப் பொறுத்து உச்சவரம்பு மாறும்.

1. ஒய்எம்3623, சிஎஸ்8412 காலத்தவை: 32, 44.1, 48 கிலோஹெர்ட்ஸ்.
2. சிஎஸ்8414: 96 வரை.
3. சிஎஸ்8416: 192 வரை.

வரம்புக்கு மேல் போனால் பிஎல்எல் பிடி கிடைக்காமல் தவிக்கும். ஒழுங்காகச் செய்த டாக் வாயை மூடிக்கொள்ளும். ஒழுங்காகச் செய்யாதது கரகரக்கும். இரண்டிலும் கருவிக்குக் கேடு எதுவும் இல்லை.

ஆப்டிகல் வழியில் இன்னொரு தடையும் சேரும். அக்கால ஒளி ஏற்பிகள் நொடிக்குச் சுமார் 6 மெகாபிட் வேகத்துக்குச் செய்யப்பட்டவை. 48 கிலோஹெர்ட்ஸுக்கு அது போதும். 96க்கு நொடிக்கு 6.144 மெகாபிட் வேண்டும். அதையும் பிட்டுக்கு இரண்டு துடிப்பாகக் குறிவரிசை செய்து அனுப்ப வேண்டும். ஒரே டாக்கில் கோஆக்சியல் வழியாக 96 ஓடி, ஆப்டிகலில் ஓடாமல் போவது இதனால்தான்.

தீர்வு எளிது: கணினியிலேயே ரேட்டைக் குறைத்து அனுப்புவது. 96 அல்லது 192இல் வாங்கிய இசையை 48க்கோ 44.1க்கோ இறக்கினால் என்ன இழப்பு? 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைச் சுமக்கும். மனிதக் காதின் எல்லை இளமையிலேயே 20 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம்தான். இன்றைய மென்பொருள் ரேட் மாற்றிகள் அதற்குக் கீழே உள்ளதைப் பழுதில்லாமல் காப்பாற்றிக் கொடுக்கும். பழைய டாக்குக்கு ‘ஹை-ரெஸ்’ ஓடவில்லை என்று வருத்தப்பட இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

## கணினிக்குள் ஒளிந்திருக்கும் மிக்சர்

கணினி ஒரே நேரத்தில் பாட்டு, வீடியோ, அறிவிப்பு மணி எல்லாவற்றையும் ஒலிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் கலக்க வேண்டுமானால் எல்லாம் ஒரே ரேட்டில் இருக்க வேண்டும். அதனால் இயங்குதளமே ஒரு மிக்சரை நடுவில் வைத்திருக்கிறது. அது பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும். சிடியிலிருந்து எடுத்த 44.1 கோப்பு, யாரும் கேட்காமலேயே 48 ஆகி வெளியே வரும். இரண்டுக்கும் உள்ள விகிதம் 147க்கு 160. நேர்மடங்கு இல்லாததால் ஒவ்வொரு சாம்பிளும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும்.

இந்த மாற்றத்துக்குக் கெட்ட பெயர் வந்தது, கணினி ஒலிக்கான ஏசி’97 என்ற பழைய தரத்தின் காலத்து ஒலிச் சிப்புகளால். அவற்றில் பல 48இல் மட்டுமே ஓடின. ரேட் மாற்றத்தையும் அரைகுறையாகச் செய்தன. இன்றைய மாற்றிகள் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் தேவையில்லாத ஒரு கணக்கை ஏன் நடுவில் வைக்க வேண்டும்?

விண்டோஸில் ஒலிக் கருவியின் பண்புகளுக்குள் ‘மேம்பட்டவை’ என்ற பக்கத்தில் ரேட்டும் பிட் ஆழமும் தேர்வு செய்யலாம். அதைவிட நல்லது, இசை மென்பொருளில், ஒலிக் கருவிக்கு நேரடியாக அனுப்பும் வழிகளான வசாபி தனியுரிமை முறையையோ அசியோவையோ தேர்ந்தெடுப்பது. அப்போது மிக்சர் விலகிக்கொள்ளும். மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற பயன்பாட்டில் ரேட்டை வைக்க வேண்டும். பல செயலிகள் பாட்டுக்குப் பாட்டு அதைத் தானாக மாற்றாது. லினக்ஸில் அல்சா என்ற அடிப்படை ஒலி அமைப்பின் வன்பொருள் முகவரியை நேரடியாகப் பிடித்தால் மிக்சரே இல்லை. அதன் மேல் ஓடும் பைப்வயர் என்ற மிக்சர் வழியாகப் போனால் இயல்பு ரேட் 48. அனுமதிக்கும் ரேட்டுகளின் பட்டியலில் 44.1ஐயும் சேர்த்துவிட்டால் அதுவே மாறிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு நெடுங்காலம் எல்லாவற்றையும் தன் ரேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. 2023இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்துதான் யூஎஸ்பி வழியாக பிட் மாறாமல் அனுப்ப இயங்குதளமே வழிவிட்டது.

முதல் அரை நொடி காணாமல் போவதற்கும் இந்த ரேட் மாற்றம்தான் பெரும்பாலும் காரணம். ரேட் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய பிஎல்எல் புதிதாகப் பிடிபட வேண்டும். அதுவரை டாக்கில் சத்தத்தை அடைக்கும் சுவிட்சான மியூட் ரிலே மூடியிருக்கும். ‘டிக்’ என்று கேட்பது அதுதான். ரேட் மாறாமலேயே தொடக்கம் வெட்டுப்பட்டால், கணினி மின்சேமிப்புக்காக ஒலிச் சிப்பைத் தூங்கவைக்கிறது என்று பொருள். மின்சேமிப்பை நிறுத்திவிடலாம், அல்லது பாட்டுக்கு முன்னால் ஒரு நொடி மௌனம் சேர்க்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதை இயக்கலாம்.

## 16 பிட்டுக்குள் அடங்க வைப்பது

எஸ்பிடிஃப் 24 பிட் வரை சுமக்கும். அதனால் 24 பிட் கோப்பை அனுப்பினால் 16 பிட் டாக்கும் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் எப்படி வாங்கும்? மேலே உள்ள 16ஐ எடுத்துக்கொண்டு கீழே உள்ள 8ஐ அப்படியே வெட்டிவிடும். வெட்டினால் வரும் பிழை இசையோடு ஒட்டியே ஆடும். மிக மெல்லிய பகுதிகளில், ஒரு வயலின் நாதம் தேய்ந்து அடங்கும் இடத்தில், அது சொரசொரப்பாகத் தெரியும்.

இதைத் தவிர்க்க மிக நுண்ணிய தற்செயல் இரைச்சலை முதலில் கலந்து, பிறகு 16 பிட்டாகச் சுருக்க வேண்டும். இதற்கு டிதர் என்று பெயர். பிழை இசையோடு ஒட்டாமல் மென்மையான, சீரான ஒரு ஓசையாகப் பரவிவிடும். காது அதைப் பொருட்படுத்தாது. இசை மென்பொருளில் வெளியீட்டை 16 பிட் என்று வைத்து, டிதரை இயக்கினால் போதும்.

கணினியின் ஒலியளவுப் பட்டையும் இங்கே வந்து மாட்டும். ஒலியளவை 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் போகிறது. 30 டெசிபல் குறைத்துக் கேட்பவர் 16 பிட் டாக்கை 11 பிட் டாக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார். 24 பிட் டாக்கில் இது பெரிதாகத் தெரியாது. பழையதில் தெரியும். ஆகவே ஒலியளவுக் கட்டுப்பாடு ஆம்ப்ளிஃபயரில் இருப்பதே சரி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது அதிகம் பேசப்படாத ஒன்று. கடந்த முப்பது ஆண்டுகளாக இசைத்தட்டுகள் உச்சவரம்பைத் தொடும்படி உரக்கப் பதிவாகின்றன. சாம்பிள்கள் வரம்புக்குள் இருந்தாலும், இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே உண்மையான அலை வரம்பைத் தாண்டிப் போகலாம். ஓர் எடுத்துக்காட்டு: 44.1இல் 11.025 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு நான்கு சாம்பிள். அவை உச்சியில் விழாமல் உச்சிக்கு இருபுறமும் 45 பாகையில் விழுந்தால், ஒவ்வொரு சாம்பிளும் உண்மை உயரத்தில் 0.707 மட்டுமே காட்டும். அந்தச் சாம்பிள்களை முழு அளவுக்கு ஏற்றினால், நடுவில் உள்ள உச்சி வரம்பைவிட 3 டெசிபல் மேலே நிற்கும். ஓவர்சாம்பிளிங் ஃபில்டரின் வேலையே அந்த நடு உச்சியைக் கணக்கிடுவதுதான். கணக்கிட்ட எண்ணை எழுத அதற்கு இடமில்லை, தலை வெட்டுப்படும். 1980களில் ஃபில்டரை வடிவமைத்தவர்கள் இப்படி ஒரு பதிவுமுறை வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைய டாக்குகளிலும் பலவற்றில் இதே குறை உண்டு என்பது வேறு கதை.

ஆக, புதிய உரத்த பதிவுகள் மட்டும் பழைய டாக்கில் கரடுமுரடாகக் கேட்டால், மென்பொருளில் 3 டெசிபல் குறைத்து டிதரோடு அனுப்பிப் பார்க்கலாம். அரை பிட் செலவில் வெட்டு நின்றுவிடும்.

## தொலைந்துபோகும் கொடிகள்

சில ஆல்பங்கள் மட்டும் காதைக் குத்துகின்றன என்ற புகாருக்கு இன்னொரு விடை இங்கே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் வந்த சிடிகளில், குறிப்பாக ஜப்பானில் அச்சானவற்றில், கணிசமானவை முன்னழுத்தம் என்ற முறையில் பதிவானவை. பதிவின்போது உயர்சுருதிகளைத் தூக்கிவைப்பார்கள். கேட்கும்போது பிளேயர் அதே அளவு இறக்கிவிடும். இடையில் சேரும் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். தூக்குவது கொஞ்சநஞ்சமல்ல: மேல் எல்லையில் 10 டெசிபலை ஒட்டி வரும்.

எந்தத் தட்டில் இப்படித் தூக்கியிருக்கிறது என்பதைச் சொல்ல சிடியில் ஒரு கொடி உண்டு. பிளேயர் அதைப் படித்து எஸ்பிடிஃபில் ஏற்றி அனுப்பும். டாக் அதைப் பார்த்து இறக்கும் சுற்றை இயக்கும். பழைய டாக்குகளின் முகப்பில் இதற்கென்று ஒரு சிறு விளக்கே இருந்தது.

இப்போது அதே தட்டைக் கணினியில் கோப்பாக மாற்றுகிறோம். கோப்பில் எண்கள் இருக்கும், கொடி இருக்காது. தட்டைக் கோப்பாக்கும் மென்பொருள்கள் பலவும் அதைக் கண்டுகொள்வதில்லை. தூக்கிவைத்த உயர்சுருதிகள் இறக்கப்படாமலே வெளியே வருகின்றன. சிம்பல் ஓசை கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும். குரலில் ‘ஸ’கரங்கள் சீறும். பழி டாக்கின் மேல் விழும்.

சரிசெய்ய இரண்டு வழிகள்:

1. சாக்ஸ் போன்ற மென்பொருளால் கோப்பிலேயே இறக்கிவிடுவது. இறக்கிய பின் எண்கள் 16 பிட்டுக்குள் நேராக விழாது; இங்கேயும் டிதர் வேண்டும்.
2. லினக்ஸில், வன்பொருள் இடம் கொடுத்தால், ஐஇசிசெட் என்ற கட்டளையால் அந்தக் கொடியை எஸ்பிடிஃபில் மறுபடி ஏற்றுவது. பழைய டாக்கில் அந்தச் சிறு விளக்கு எரியும். இறக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது கொடி இதைவிட விவகாரமானது. வீடியோ மென்பொருள்கள் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கிய தரவை எஸ்பிடிஃப் வழியாக அப்படியே அனுப்பும். ‘இது ஒலியல்ல’ என்று ஒரு கொடியும் கூடவே போகும். அந்தக் கொடியைப் பார்க்கத் தெரியாத பழைய டாக், சுருக்கிய தரவை சாம்பிள்கள் என்று நினைத்து முழு அளவு இரைச்சலாகக் கொட்டும். ஸ்பீக்கரின் உயர்சுருதிச் சுருளுக்கு இது ஆபத்து. கணினியில் நேரடி அனுப்புதலை அணைத்து, வெளியீட்டை ஸ்டீரியோ பிசிஎம், அதாவது சுருக்காத சாம்பிள்கள், என்று வைக்க வேண்டும். எப்படியிருந்தாலும் முதல்முறை இணைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை அடியோடு குறைத்துவைத்துத் தொடங்குவது நல்லது.

ஒரு பிட் முறையில் பதிவான டிஎஸ்டி கோப்புகளை பிசிஎம் உறைக்குள் போட்டு அனுப்பும் டிஓபி என்ற முறையும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாத டாக்கில் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். அதற்கு 176.4 கிலோஹெர்ட்ஸ் வேண்டும் என்பதால் மிகப் பழைய டாக்குகளில் அந்த இரைச்சல்கூட வராது. மென்பொருளில் டிஎஸ்டியை பிசிஎம்மாக மாற்றி அனுப்பும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

## யூஎஸ்பி: இரண்டு தலைமுறைகள்

இப்போதைய மடிக்கணினிகளில் எஸ்பிடிஃப் வாசலே இருப்பதில்லை. ஆப்பிள்கூட ஹெட்ஃபோன் துளைக்குள் ஒளித்துவைத்திருந்த ஆப்டிகல் வெளியீட்டை 2016 மேக்புக் ப்ரோவிலிருந்து எடுத்துவிட்டது. மிஞ்சுவது யூஎஸ்பி.

யூஎஸ்பி ஆடியோவின் முதல் வரையறை 1998இல் வந்தது. தரவு ஒரு மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகப் போகும். ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1023 பைட். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் 96 சாம்பிள், இரண்டு பக்கம், தலா 3 பைட்: மொத்தம் 576 பைட். அடங்கும். 192 என்றால் 1152. அடங்காது. முதல் தலைமுறை யூஎஸ்பி டாக்குகள் 96ஐத் தாண்டாததன் காரணம் இந்தச் சின்னப் பெருக்கல்தான். 2006இல் வந்த இரண்டாவது வரையறை இந்தத் தடையை நீக்கியது. மேக்கும் லினக்ஸும் 2010 வாக்கில் அதை ஏற்றுக்கொண்டன. விண்டோஸ் 2017வரை இழுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த டாக்குகளுக்கு நிறுவனங்கள் தனி டிரைவர் கொடுத்தன. அந்த டிரைவர்கள் இன்றைய விண்டோஸின் பாதுகாப்பு அமைப்புகளோடு மோதி நின்றுபோவது உண்டு. அப்போது அதை நீக்கிவிட்டு விண்டோஸின் சொந்த டிரைவரையே முயன்று பார்க்கலாம்.

வேகத்தைவிட முக்கியமானது, நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பது. 44.1ஐ மில்லிநொடியாகப் பிரித்தால் 44.1 சாம்பிள். பத்தில் ஒரு சாம்பிளை அனுப்ப முடியாது. ஆகவே ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45 என்று போகும். அடாப்டிவ் முறையில் டாக் இந்தச் சீரற்ற வரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பர்-பிரவுனின் பிசிஎம்2702, பிசிஎம்2704 போன்ற, 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் வரம்புள்ள சிப்புகள் இந்த வகை. 2000களில் வந்த பல டாக்குகளின் யூஎஸ்பி வாசலில் இவைதான் இருந்தன.

அசின்க்ரனஸ் முறை இதைத் தலைகீழாக்குகிறது. மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் பார்த்து மோட்டாரை முடுக்குவதுபோல, டாக் தன் சேமிப்பகத்தில் தரவு குறைவதைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் அனுப்பு’ என்று கணினியிடம் கேட்கும். குழாயிலிருந்து நீர் வெளியேறும் வேகத்தை நிர்ணயிப்பது டாக்கின் அருகிலேயே இருக்கும் நிலையான படிகக் கடிகாரம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. 2000களின் டாக்கில் யூஎஸ்பி, கோஆக்சியல் இரண்டும் இருந்தால், உள்ளே இருக்கும் யூஎஸ்பியைவிட, வெளியே ஓர் அசின்க்ரனஸ் யூஎஸ்பி–எஸ்பிடிஃப் மாற்றுப்பெட்டியை வைத்து கோஆக்சியல் வழியாகப் போவது பெரும்பாலும் மேல்.

நல்ல பெட்டியில் இரண்டு படிகக் கடிகாரங்கள் இருக்கும்: 22.5792 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 24.576 மெகாஹெர்ட்ஸ் ஒன்று. முதலாவது 44.1இன் 512 மடங்கு. இரண்டாவது 48இன் 512 மடங்கு. ஒரே கடிகாரத்தை வைத்து இரண்டு குடும்பத்தையும் சமாளிக்கும் மலிவுப் பெட்டி ஏதாவது ஒன்றில் சமரசம் செய்துகொள்ளும். ராஸ்பெரி பை கணினியின் மேல் பொருத்தும் எஸ்பிடிஃப் பலகைகளிலும் இதே விவரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஹெச்டிஎம்ஐயிலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும் பெட்டிகளும் கிடைக்கின்றன. அங்கே ஒலிக்கான கடிகாரம் தனியாக வருவதில்லை. படத்தின் கடிகாரத்திலிருந்து விகிதக் கணக்கில் மறுபடி உருவாக்கப்படுகிறது. படம் பார்க்கப் போதும். இசைக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

## ஜிட்டர்: எவ்வளவு பயப்படலாம்?

கடிகாரத் துடிப்பு முன்னும் பின்னும் நடுங்குவதே ஜிட்டர். சரியான எண் தவறான நேரத்தில் வெளியே வந்தால் அலை சற்றுக் கோணும். கணிதப்படி, முழு அளவு 20 கிலோஹெர்ட்ஸ் அலையில் 16 பிட்டின் அரைப்படி அளவுக்குப் பிழை வர 121 பிகோநொடி நடுக்கம் போதும். ஒரு பிகோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்த எண்ணைக் காட்டித்தான் விலையுயர்ந்த பெட்டிகள் விற்கப்படுகின்றன.

காது அவ்வளவு நுட்பமல்ல. கேட்டுப் பார்க்கும் சோதனைகளில் இசைக்கு நடுவே ஜிட்டர் பிடிபட, நானோநொடிகளில் பத்துக்கணக்கில் போக வேண்டியிருந்தது. அதாவது மேலே சொன்ன எண்ணைப் போல நூறு மடங்குக்கு மேல்.

இருந்தாலும் பழைய டாக்குக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. இன்றைய டாக்குகள் வரும் தரவைச் சேமித்துத் தம் கடிகாரத்தில் மறுபடி ஒழுங்குபடுத்திவிடும். பழைய ஏற்பியின் பிஎல்எல், கேட்கும் அலைவரிசைக்குள் விழும் நடுக்கத்தைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே விட்டுவிடும். மூலம் சுத்தமாக இருந்தால் அதுவும் சுத்தம். அசின்க்ரனஸ் பெட்டி ஒன்று இருந்துவிட்டால் இந்தக் கவலையை மூடிவைத்துவிடலாம். அதற்கு மேல் செலவழிப்பது பொழுதுபோக்கு.

## பூமி இணைப்பு வழியாக வரும் சத்தம்

ஜிட்டரைப் பற்றிக் கவலைப்படும் பலர், உண்மையில் காதில் விழும் ஒன்றைக் கவனிப்பதில்லை. மவுஸை நகர்த்தினால் ‘ஸீ’ என்ற சத்தம், திரையை உருட்டினால் ஒரு கீச்சு, சார்ஜரைச் செருகினால் ஹம்மிங். இது டிஜிட்டல் தரவில் இல்லை. கணினியின் மின்வழங்கியிலும் கிராஃபிக்ஸ் சிப்பிலும் பிறக்கும் இரைச்சல், கேபிளின் பூமி இணைப்பு வழியாக டாக்குக்குள் போய், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது.

கண்டுபிடிக்க வழி: மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் இதுதான். ஆப்டிகல் கேபிளுக்கு மாறுவதே முழுத் தீர்வு. ஒளியில் மின்சாரம் பாயாது. 48 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் ஓட்டும் பழைய டாக்குக்கு ஆப்டிகலின் வேகக் குறை ஒரு பொருட்டே இல்லை. கோஆக்சியல்தான் வேண்டுமென்றால், வெளியீட்டில் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் (மின்தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் கடத்துவது) உள்ள பெட்டியாகப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி தனிமைப்படுத்திகளும் உண்டு. அவற்றில் பழையவை நொடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு மட்டும் ஆனவை என்பதால், இரண்டாம் தலைமுறை யூஎஸ்பி பெட்டி அவற்றுக்குப் பின்னால் இருந்தால் முழு வேகத்தில் வேலை செய்யாது.

கேபிளைப் பொறுத்தவரை 75 ஓம் என்று குறித்த எந்த வீடியோ கேபிளும் போதும். ஏஇஎஸ்3 வெளியீட்டை நேராக கோஆக்சியல் வாசலில் செருகக் கூடாது. அது 110 ஓம், சில வோல்ட் சிக்னல். எஸ்பிடிஃபுக்கு வேண்டியது அரை வோல்ட். நடுவே அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

## பிட் மாறாமல் போகிறதா என்று சோதிப்பது

எல்லாவற்றையும் அமைத்த பின், கணினி எண்களைத் தொடாமல் அனுப்புகிறதா என்று எப்படித் தெரியும்? பழைய டாக்குகளில் சிலவற்றில் இதற்கு அருமையான கருவி ஒன்று தற்செயலாக உள்ளே இருக்கிறது. பசிபிக் மைக்ரோசோனிக்ஸ் நிறுவனம் 1990களில் ஹெச்டிசிடி என்ற முறையைக் கொண்டுவந்தது. சாம்பிளின் கடைசி பிட்டில் அவ்வப்போது ஒரு ரகசியக் குறியை ஒளித்துவைக்கும் முறை. அந்த நிறுவனத்தின் பிஎம்டி100 ஃபில்டர் உள்ள டாக்குகள் அந்தக் குறியைக் கண்டவுடன் முகப்பில் ஹெச்டிசிடி விளக்கை எரியவிடும்.

கடைசி பிட் என்பதால் அது எதையும் தாங்காது. ஒலியளவை இம்மியளவு குறைத்தாலும், ரேட் மாறினாலும், டிதர் சேர்ந்தாலும், சமன்படுத்தியை இயக்கினாலும் குறி அழிந்துவிடும். ஆகவே ஹெச்டிசிடி முறையில் பதிவான ஒரு சிடியை இழப்பில்லாத கோப்பாக எடுத்து, 3 டெசிபல் குறைப்பு, டிதர் போன்ற மேலே சொன்ன ஏற்பாடுகளையெல்லாம் தற்காலிகமாக அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் கணினியிலிருந்து ஃபில்டர் வரை 16 பிட்டும் பத்திரமாகப் போகின்றன. எரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இயங்குதளத்தின் ஒலியளவு 100இல் இருக்கிறதா என்பது. அடுத்து, ரேட் 44.1 தானா என்பது. அதற்கும் பிறகு, மென்பொருள் உண்மையிலேயே தனியுரிமை முறையில் ஓடுகிறதா என்பது. ஓடினால் வேறு எந்தச் செயலியிலிருந்தும் அறிவிப்பு மணிகூட வெளியே கேட்காது.